புயல் வந்தால் வீட்டிலேயே இருப்பதா, கிளம்புவதா? தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஒரு கணக்கு

ஐப்பசி பிறந்தால் போதும், ஒரே கேள்வி எனக்கு வேறு வேறு ஆட்களிடமிருந்து வரும். "டிவியில புயல்னு ஓடுது, எங்க வீடு ஏரிக்குக் கீழே, இருக்கலாமா கிளம்பலாமா?" கடைசியாகக் கேட்டவர் ஊத்தங்கரைப் பக்கம். வீட்டில் மூன்று மாடு, சரியாக நடக்க முடியாத ஆயா, பத்தாவது படிக்கிற பையன். பெங்களூருவில் இருக்கும் தம்பி "எல்லாரும் இங்க வந்துடுங்க" என்கிறானாம். ஆயா "செத்தாலும் இந்தக் கொட்டாய்லதான்" என்கிறதாம். நடுவில் இவர்.

2024-க்கு முன்னால் யாராவது இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். புயல் என்றால் கடலூர், நாகப்பட்டினம், மிஞ்சிப்போனால் சென்னை. நமக்கு வருவது அதன் வால்தான். இரண்டு நாள் தூறல், அறுத்துப்போட்ட ராகி நனைந்துவிட்டதே என்ற புலம்பல், அதோடு சரி. அந்த வருடம் ஃபெஞ்சல் புயல் வந்தது. நவம்பர் 30 இரவு புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. "கரையைக் கடந்தது" என்று செய்தியில் சொன்னதும் நாங்கள் டிவியை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டோம். கரையைக் கடந்த புயல் அங்கேயே மணிக்கணக்கில் நகராமல் நின்று, அப்புறம் மெதுவாக மேற்கே திரும்பி நம் பக்கம் வந்தது. டிசம்பர் 2 காலையில் அளந்து பார்த்தால் ஒரே நாளில் ஊத்தங்கரையில் 50 செ.மீ., அரூரில் 33 செ.மீ. ஆண்டு முழுக்க நமக்குப் பெய்வதே சுமார் 85 செ.மீ.தான்.

ஒரு ஏக்கரில் 1 செ.மீ. மழை பெய்தால் 40 ஆயிரம் லிட்டர். 50 செ.மீ. என்றால் ஏக்கருக்கு 20 லட்சம் லிட்டர். எந்த ஏரி தாங்கும்? ஊத்தங்கரையில் ஏரி வழிந்து, சாலையோரம் நின்ற வேன்களையும் கார்களையும் உருட்டிக்கொண்டு போன வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ஆக, கடற்கரைக்காரர்களுக்குச் சொல்லும் அறிவுரையை அப்படியே எடுத்து இங்கே போட முடியாது. அங்கே காற்றும் கடலும். இங்கே வந்து சேர்வதற்குள் காற்று பெரும்பாலும் தேய்ந்துவிடும், தண்ணீர்தான் ஆளைக் கொல்லும். அதுவும் புயல் முடிந்துவிட்டது என்று நாம் நினைத்த பிறகு வரும்.

## முதலில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்

வீடு நிற்கும் இடம்தான் எல்லாவற்றுக்கும் மேல். உங்கள் ஏரி கோடி போனால், அதாவது நிரம்பி வழிந்தால், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று ஊரில் எழுபது வயதைத் தாண்டிய ஒருவரிடம் கேளுங்கள். பல ஏரிகள் வருடக்கணக்கில் காய்ந்து கிடந்ததால் ஓடையிலேயே மனை போட்டு, வீடு கட்டி, கிரகப்பிரவேசமும் முடிந்துவிட்டது. அங்கே ஓடை இருந்ததே இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. வி.ஏ.ஓ.விடம் புல வரைபடம் பார்த்தால் ஓடைப் புறம்போக்கு எங்கே போகிறது என்று தெரிந்துவிடும். தென்பெண்ணை ஓரத்துக்காரர்கள், அதாவது காவேரிப்பட்டணம், இருமத்தூர், அனுமன்தீர்த்தம் பக்கம் இருப்பவர்கள், உள்ளூர் மழையை மட்டும் பார்த்தால் போதாது. ஆற்றின் மேலே இருக்கும் கெலவரப்பள்ளி அணையிலும் கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையிலும் எவ்வளவு திறக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். உங்கள் வாசலில் வெயில் அடிக்கும்போதே ஆறு ஏறலாம்.

மலையடிவாரமும் சேர்த்திதான். சித்தேரி, வத்தல்மலை மாதிரி இடங்களில் சரிவை ஒட்டி வீடு இருந்தால் தண்ணீரைவிட மண்ணுக்குப் பயப்பட வேண்டும். அதே ஃபெஞ்சல் மழையில் திருவண்ணாமலையில் மலைச்சரிவில் இருந்த வீட்டின் மேல் மண்ணும் பாறையும் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். தரையில் புதிதாக விரிசல், சாய்ந்து நிற்கும் மரம், தெளிவாக ஓடிய ஊற்று திடீரென்று சேறாக வருவது, இதில் ஒன்று தெரிந்தாலும் அங்கே உட்கார்ந்து யோசிக்கக் கூடாது.

அடுத்தது சுவரும் கூரையும். ஓடா, ஷீட்டா, மச்சா என்று எல்லோரும் கூரையைத்தான் பார்ப்பார்கள், நான் சுவரைப் பார்க்கச் சொல்வேன். மண் சுவர் இரண்டு நாள் ஊறிவிட்டு, மழை விட்ட மூன்றாம் நாள் வெயிலில் சாயும்.

அப்புறம் வீட்டில் யார் இருக்கிறார்கள். நிறைமாதக் கர்ப்பிணி, வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் போகிறவர், படுத்த படுக்கையாக இருப்பவர், இவர்களில் ஒருவர் இருந்தாலும் மற்ற எல்லாக் கணக்கும் பின்னால் போய்விடும்.

கடைசியாக வழி. மெயின் ரோட்டுக்குப் போக ஒரு தரைப்பாலம் தாண்ட வேண்டுமா? அப்படியென்றால் நீங்கள் முடிவெடுக்க இருக்கும் நேரம், தரைப்பாலத்தில் தண்ணீர் ஏறும் வரைக்கும்தான். அதற்குப் பிறகு முடிவு உங்கள் கையில் இல்லை.

## வீட்டிலேயே இருப்பது

மேட்டில் கட்டிய கான்கிரீட் வீடு, தலைக்கு மேல் ஏரி இல்லை, ஆறு தூரத்தில், வீட்டில் எல்லோரும் நடமாடுகிறவர்கள் என்றால் இருங்கள். கிளம்புவதுதான் அப்போது ஆபத்து. ஓசூரில் அடுக்குமாடியில் இருக்கும் பெரும்பாலோருக்கும் இதுதான் பதில். வண்டியை அடித்தளத்திலிருந்து எடுத்து மேட்டில் விட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். ஏரியைத் தூர்த்துப் போட்ட லேஅவுட்டில் தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது.

இருப்பதற்குச் செலவே இல்லை என்று நினைக்கிறோம். மின்சாரம் போனால் போர் மோட்டார் ஓடாது, மோட்டார் ஓடாவிட்டால் டேங்கில் தண்ணீர் இல்லை. வெளியே ஊரே மிதக்கும்போது வீட்டில் கக்கூசுக்கு ஒரு வாளி தண்ணீர் இருக்காது. செல்போன் டவரின் பேட்டரி தீர்ந்தால் யாரையும் கூப்பிடவும் முடியாது. மூன்று நாளுக்குக் குடிதண்ணீர், ராகி மாவு, அரிசி, மாத்திரை, டார்ச், சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க், இவ்வளவும் மழைக்கு முந்தைய நாளே வீட்டில் இருந்தால்தான் "இருக்கிறேன்" என்று சொல்லலாம். இல்லாவிட்டால் இரண்டாம் நாள் பால் வாங்க இடுப்பளவு தண்ணீரில் இறங்குவீர்கள்.

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். அரூர்ப் பக்கம் வயலுக்கு நடுவே கொட்டாய். டிசம்பர் 1 சாயங்காலம் அண்ணன் "பக்கத்து மாடி வீட்டுக்குப் போயிடலாமா" என்று ஒருமுறை கேட்டான். வாசலில் தண்ணீர் இல்லையே என்று நான்தான் வேண்டாம் என்றேன். இரவு இரண்டு மணி இருக்கும், குளியலறையில் கொப்புளிக்கிற மாதிரி ஒரு சத்தம். டார்ச் அடித்துப் பார்த்தால் தண்ணீர் போகிற ஜாலி வழியாகச் செம்மண் தண்ணீர் மேலே வந்துகொண்டிருக்கிறது. நான் வாசற்படியையே பார்த்துக்கொண்டிருக்க, அது பின்னாலிருந்து வந்துவிட்டது. மாட்டை அவிழ்க்கப் போன அண்ணனுக்கு முடிச்சு வரவில்லை; நனைந்த நைலான் கயிறு, மாடு மிரண்டு இழுக்க இழுக்க இறுகிக்கொண்டே போகிறது. கடைசியில் அரிவாளால் அறுத்தான். எங்கள் ஆயாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நாங்கள் இரண்டு பேர் தூக்கிக்கொண்டு, இருநூறு மீட்டர் தூரத்தில் இருந்த அந்த மாடி வீட்டுக்குப் போய்ச் சேர அரை மணி நேரம் ஆனது. காலடியில் வரப்பு எங்கே, கிணறு எங்கே என்று ஒன்றும் தெரியாது. சாயங்காலம் போயிருந்தால் காப்பி டம்ளரோடு நடந்து போயிருப்போம்.

## பக்கத்திலேயே மேடான இடத்துக்குப் போவது

கிளம்புவது என்றதும் பெட்டி கட்டி பஸ் ஏறுவது என்றுதான் நமக்குத் தோன்றுகிறது. நம் மாவட்டங்களுக்குப் பெரும்பாலும் அது தேவையே இல்லை. ஐந்நூறு மீட்டர் தள்ளி, பத்தடி மேலே இருக்கும் ஒரு மாடி வீடு போதும். கடல் உள்ளே வருகிற ஊரில் கிலோமீட்டர் கணக்கில் ஓட வேண்டும். ஏரித் தண்ணீருக்கு அதன் பாதையை விட்டு விலகினால் போதும். தரைப்பாலம் தாண்ட வேண்டாம், மாட்டையும் கண்ணில் வைத்துக்கொள்ளலாம், வீட்டையும் பார்த்துக்கொள்ளலாம்.

இதற்கும் ஒரு விலை உண்டு, அது பணமில்லை. கேட்பதற்குக் கூச்சம். பங்காளிச் சண்டையில் ஐந்து வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவன் வீடுதான் மாடி வீடாக இருக்கும். யார் வீட்டுக்குள் யார் போவது என்ற சாதிக் கணக்கும் நம் ஊரில் இருக்கிறது, இல்லாத மாதிரி நடித்து எழுத எனக்கு விருப்பமில்லை. அப்படியான ஊரில் பொதுக் கட்டடம்தான் தோது: பள்ளிக்கூடம், சமுதாயக்கூடம், ஊராட்சி அலுவலகத்தின் மாடி. எதுவானாலும் மழை இல்லாத நாளிலேயே பேசி வையுங்கள். "ஒருவேளை தண்ணி வந்தா ரெண்டு நாள் வந்து தங்கிக்கறோம்" என்று முன்கூட்டியே கேட்டால் முகம் கோணுகிறவர்கள் குறைவு.

## வெளியூர்ச் சொந்தக்காரர் வீடு

இது நல்ல வழிதான், ஒரு நாள் முன்னதாகப் போனால். பிரசவ தேதி நெருங்கியவர், டயாலிசிஸ்காரர் இருக்கும் வீட்டுக்கு இதுதான் முதல் வழி. ஆஸ்பத்திரி இருக்கும் ஊரில் முந்தைய நாளே போய் உட்கார்ந்துவிட வேண்டும்.

மழை பிடித்த பிறகு கிளம்பினால் கதை மாறிவிடும். டிசம்பர் 2 அன்று விழுப்புரம் பக்கம் அரசூரில் தென்பெண்ணை வெள்ளம் ஏறி, சென்னை–திருச்சி நான்குவழிச் சாலையே நின்றுபோனது. நான்குவழிச் சாலைக்கே அந்தக் கதி என்றால் நம் தார் ரோட்டை யோசித்துக்கொள்ளுங்கள். ஓடும் தண்ணீர் ஓரடி உயரம் இருந்தாலே சின்ன காரைத் தூக்கிவிடும், இரண்டடி வந்தால் பெரும்பாலான வண்டிகள் மிதக்கும். பைக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அமெரிக்காவில் 2005-இல் ரீட்டா என்ற புயல். அதற்குச் சில வாரம் முன்னால்தான் கத்ரீனா நியூ ஆர்லியன்ஸ் நகரத்தை மூழ்கடித்திருந்தது, அந்தப் பயத்தில் ஹூஸ்டன் பகுதியில் போக வேண்டியவர்கள், வேண்டாதவர்கள் என்று லட்சக்கணக்கில் ஒரே நேரத்தில் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். ரோடு முழுக்க நகராத கார்கள், கொளுத்தும் வெயில், பெட்ரோல் இல்லை. முதியோர் இல்லத்தவரை ஏற்றிப் போன ஒரு பஸ் தீப்பிடித்து 23 பேர் போனார்கள். அந்தப் புயலின் சாவுக் கணக்கில் பெரும்பகுதி வெளியேறும் வழியில் நடந்ததுதான். எல்லோரும் ஓடுகிறார்கள் என்று ஓடுவதற்கும் விலை உண்டு.

சின்னச் செலவுகளும் சேரும். மாட்டைக் கறக்க ஆள் பிடிக்க வேண்டும், சொசைட்டிக்குப் பால் ஊற்றாத நாள் வருமானம் போச்சு, பட்டுப்புழு வளர்ப்பவர் என்றால் ஒரு நாள் தழை போடாவிட்டால் அந்த ஈடே, அதாவது அந்தத் தடவை வளர்க்கும் புழு மொத்தமும், பாழாகலாம். பூட்டிய வீட்டைப் பற்றிய கவலை வேறு. மாமியார் வீட்டில் மூன்றாம் நாளிலிருந்து என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

## அரசு முகாம்

பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம், இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். முகாம் என்றாலே கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிறவர்கள் ஒடிசாவைப் பார்க்க வேண்டும். 1999 சூப்பர் புயலில் அங்கே பத்தாயிரம் பேர் அளவுக்கு இறந்தார்கள். 2013-இல் பைலின் வந்தபோது கிட்டத்தட்ட பத்து லட்சம் பேரை முன்கூட்டியே பாதுகாப்பான இடங்களுக்குக் கொண்டுபோனார்கள், சாவு சில பத்துகளோடு நின்றது.

மண் சுவர் வீடு, ஆற்றோரக் குடிசை, பக்கத்தில் சொல்லிக்கொள்ள மாடி வீடு இல்லை என்றால் முகாமைத் தவிர வேறு யோசனையே வேண்டாம். சாப்பாடு வரும், மருத்துவக் குழு வரும், கணக்கெடுக்கும்போது உங்கள் பெயரும் இருக்கும். சிரமம் கழிப்பறை. இருநூறு பேருக்கு நான்கு கழிப்பறை என்றால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள், அதிலேயே உடம்பு கெடுகிறது. மறைப்புக்கு இரண்டு பழைய புடவை, ஒரு கயிறு, நாப்கின், ஆயாவுக்குச் சளி மாத்திரை, கைக்குழந்தை இருந்தால் பால் பவுடர், இதையெல்லாம் அங்கே தருவார்கள் என்று போகாமல் கையோடு கொண்டுபோங்கள். முன்னால் போகிறவர்களுக்குச் சுவரோரம் கிடைக்கும், பின்னால் வருகிறவர்களுக்குக் கதவோரம். உங்கள் ஊருக்கு எந்தக் கட்டடம் என்று 1077-இல் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையிடம் கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

## ஒரு பார்வையில்

| | வீட்டிலேயே | பக்கத்து மேடு | வெளியூர் | முகாம் |
|---|---|---|---|---|
| யாருக்குச் சரி | மேட்டில் கான்கிரீட் வீடு | ஏரிக்குக் கீழே இருப்பவர்கள், மாடு வைத்திருப்பவர்கள் | கர்ப்பிணி, தொடர் சிகிச்சையில் இருப்பவர் | மண் சுவர், ஆற்றோரம், மலைச்சரிவு |
| எப்போது முடிவு | முந்தைய நாள், பொருள் வாங்கி வைத்து | அன்று இருட்டும் முன் | ஒரு நாள் முன்னதாக | அறிவிப்பு வந்த உடனே |
| கண்ணுக்குத் தெரியாத செலவு | தண்ணீர், போன், மருந்து | கூச்சம், பழைய பகை | பால், பட்டுப்புழு, பூட்டிய வீடு | கழிப்பறை, மறைப்பு |
| எங்கே சொதப்பும் | இரவில் தண்ணீர் ஏறினால் | முன்கூட்டிக் கேட்காவிட்டால் | மழை பிடித்தபின் கிளம்பினால் | மாட்டை விட்டுவிட்டு வர மனம் வராது |

## மாடுதான் பெரிய சிக்கல்

"கிளம்ப மாட்டேன்" என்கிற பத்துப் பேரில் ஏழு பேருக்குக் காரணம் மாடு. திட்டுவதில் பயனில்லை. ஃபெஞ்சலுக்குப் பிறகு அரசு அறிவித்த நிவாரணம் மாடு ஒன்றுக்கு 37,500 ரூபாய். நல்ல கறவை மாட்டைச் சந்தையில் அந்த விலைக்குப் பிடித்துவர முடியாது என்பது மாடு வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். ஆகவே மனிதர்களுக்கு முன்னால் மாட்டுக்கு இடம் பாருங்கள்: பாறை மேடு, ஏரித் தண்ணீரின் வழியில் இல்லாத களத்துமேடு, எதுவாவது. மதியமே ஓட்டிப் போய்விடுங்கள். இடம் கிடைக்காவிட்டால் கட்டுத்தறியிலிருந்து அவிழ்த்துவிடுங்கள், கட்டிய மாடுதான் முதலில் சாகும். கயிற்றை உருவு முடிச்சாகப் போட்டு வைத்தால் ஒரே இழுப்பில் அவிழ்ந்துவிடும். அடிபட்டால் 1962-க்குப் போன் செய்தால் கால்நடை ஆம்புலன்ஸ்.

## எந்த நேரத்தில் எழுந்திருப்பது

நிறத்தை வைத்துச் சொல்கிறேன். வானிலை மையம் ஆரஞ்சு எச்சரிக்கை கொடுத்தால் 12 முதல் 20 செ.மீ. வரை மழையை எதிர்பார்க்கிறார்கள் என்று அர்த்தம். பை கட்டி, பத்திரங்களை, அதாவது பட்டா, ரேஷன் கார்டு, ஆதார், பையனின் மார்க் ஷீட், பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கையில் எடுத்துக்கொள்கிற மாதிரி வைக்க வேண்டும். சிவப்பு என்றால் 20-க்கும் மேல். ஏரிக்குக் கீழே இருப்பவர்கள் இருட்டும் முன் மேட்டில் இருக்க வேண்டும், தண்ணீர் வந்ததா வரவில்லையா என்று பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. வராமல் போனால் என்ன, ஒரு ராத்திரி அடுத்தவர் வீட்டுத் திண்ணையில் படுத்ததுதான் நஷ்டம். கிளம்பும்போது மெயின் சுவிட்சை இறக்கி, கேஸ் சிலிண்டரை மூடிவிட்டுப் போங்கள்.

புயல் "கரையைக் கடந்தது" என்ற செய்தி வந்த பிறகு இன்னும் இரண்டு நாள் உஷாராக இருப்பது நம் மாவட்டங்களுக்கு மட்டுமான விதி. அதேபோல நம் பக்கம் கொட்டித் தீர்த்தால் விழுப்புரம், கடலூரில் தென்பெண்ணை ஓரம் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு உடனே போன் போடுங்கள். அந்த டிசம்பர் 2 விடிவதற்குள், தென்பெண்ணையில் நமக்குக் கீழே இருக்கும் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி திறந்துவிட்டார்கள். அதில் நம் ஊர் மழையும் இருந்தது.

திரும்பி வரும்போது சுவர் ஈரமாக இருந்தால் எலக்ட்ரீஷியன் பார்க்காமல் மெயினைப் போடாதீர்கள். அரிசி மூட்டைக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில் கையை விடும் முன் குச்சியால் தட்டுங்கள், பாம்புக்கும் அந்த இரவு போக்கிடம் இல்லை.

ஊத்தங்கரைக்காரருக்கு நான் சொன்னது இதுதான். பெங்களூரு வேண்டாம். ஆயாவும் பையனும் முந்தைய நாளே ஊருக்குள் இருக்கும் தங்கச்சி வீட்டு மாடிக்குப் போகட்டும், நீங்கள் மாட்டைக் களத்துமேட்டில் கட்டிவிட்டுப் பக்கத்து மச்சு வீட்டில் படுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார். ஆயா ஒத்துக்கொண்டதாம், ஆனால் கோழி ஏழும் கூடவே வர வேண்டுமாம். சந்தையில் பெரிய கூடை வாங்கியாகிவிட்டது, தங்கச்சியிடம் இன்னும் கோழி விஷயத்தைச் சொல்லவில்லை என்றார்.